தாரணிக்கு வந்த டப்பா

மாஸ்டரைப் பத்திக் கேக்கறதுக்குங்களா வந்தீங்க? உக்காருங்க அம்மிணி. அந்தச் சேரு வேண்டாம், கால் ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. கிரைண்டர் ஓடறது ஓடட்டும், அது நிக்கற நேரம் இந்த ஊட்டுல கெடையாது. சங்ககிரியில பாதிப் பேரு ஊட்டு இட்லி என்ற மாவுதான்.

உங்க பொண்ணு ஏழாவதா? என்ற தாரணியும் ஏழாவதுலதானுங்க ஜூடோவுக்குப் போனா. நல்லா யோசிச்சுக்குங்க. நான் யாரையும் போகாதீங்கன்னு சொல்றதில்ல. நடந்ததைச் சொல்லிப்போடறேன், அப்பறம் உங்க இஷ்டம். பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது சொல்லுங்க.

மாஸ்டர் பேரு இருதயராஜ். திண்டுக்கல் பக்கம். மிலிட்டரியில இருந்தவரு, அங்கதான் இதெல்லாம் கத்துக்கிட்டாராம். ரிட்டயர்டு ஆகி வந்து, லாரிப் பட்டறை ரோட்டுல ஒரு பழைய பஞ்சு குடோனை வாடகைக்குப் புடிச்சு, மெத்தை போட்டு ஆரம்பிச்சாரு. கல்யாணம் ஆகலை. அதுவே எனக்கு மொதல்ல புடிக்கலை. பொம்பளப் புள்ளைகளக் கோட்டுக் காலரைப் புடிச்சு இழுக்கச் சொல்றது, தூக்கிப் போடச் சொல்றது, கீழ போட்டு அமுக்கச் சொல்றது. எதிராளி முதுகு பொத்துன்னு மெத்தையில பட்டாச் செயிச்சாச்சு, அதான் ஆட்டம். இதுல என்னங்க இருக்குது? ஆனா பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரே கூட்டிட்டுப் போயிட்டாங்க. இவளும் போயிட்டா.

ஒரு வாரம் கழிச்சு ஊட்டு வாசல்ல இவளுக்கும் அண்ணனுக்கும் சண்டை. பூபதி இவளுக்கு மூணு வயசு மூத்தவன். சட்டைக் காலரைப் புடிச்சா, திரும்புனா, அவன் மல்லாக்கக் கெடக்கறான் வாசல்ல. எங்கூட்டுக்காரரு அன்னைக்கு ஊர்ல இருந்தாரு. நாக்பூர் லைன்ல லாரி ஓட்டறவரு, மாசத்துக்கு ஒருக்கா வந்தா அதிசயம். அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நான் சிரிக்கலைங்க. கூடப் பொறந்தவனைத் தூக்கி அடிக்கற புள்ளையப் பாத்து எப்படிச் சிரிக்கறது? பூபதி எந்திரிச்சு வந்து அடுப்படியில எம்பக்கத்துல உக்காந்துக்கிட்டான். சின்ன வயசுல இருந்தே அவன் மெலிசுங்க. ரெண்டு தடவை மஞ்சக்காமாலை வந்து பொழைச்ச உடம்பு.

சரி. இவ மெடல் வாங்க ஆரம்பிச்சா. மாவட்டம், அப்பறம் மாநிலம். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அதை அவரு வெட்டி லாரி கேபின்ல, சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சுக்கிட்டாரு. எனக்கும் சந்தோசந்தானுங்க. இல்லைன்னு சொன்னா பாவம். மாவு வாங்க வர்றவிங்கெல்லாம் "தாரணி அம்மா"ன்னு கூப்புட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னால நான் வெறும் மாவுக்காரம்மாதான்.

அவ காலேஜ் மொதல் வருசம் சேந்தப்பத்தானுங்க மாஸ்டர் என்னைக் குடோனுக்குக் கூப்புட்டு விட்டாரு. போனேன். கோயமுத்தூர்ல இருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க, வித்யான்னு பேரு, விளையாட்டுக்காரங்களுக்கு என்ன சோறு போடோணும்னு படிச்சவங்களாம். இதுக்கெல்லாமா படிப்புன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்தேன். மாஸ்டர் சொன்னாரு, தாரணிகிட்ட வித்தை இருக்குது, வேகம் இருக்குது, ஆனா ஒரே நாள்ல மூணாவது ஆட்டம் நாலாவது ஆட்டம்னு போகும்போது கடைசி நிமிசத்துல கை வுட்டுப்போகுது, காலரைப் புடிச்ச புடி தளருதுன்னு. வர்ற சீசன்ல தேசிய கேம்புக்கு ஆள் எடுக்கறாங்க, இவ எடையில தமிழ்நாட்டுல இருந்து ஒருத்திதான், அதுக்கு இப்ப இருந்தே தயார் பண்ணோணும்னாரு.

அந்த மேடம் பொறுமையாத்தான் சொன்னாங்க. இனிமே பயிற்சியே ஆட்டம் மாதிரி இருக்குமாம். முழு மூச்சாச் செய்யறது, துளி நேரம் நிக்கறது, மறுபடி முழு மூச்சு. அப்படிச் செஞ்சா உடம்பு கரையும், கரைஞ்சதை ஒடனே கட்டோணும், அதுக்கு ரெண்டு டப்பா குடுக்கறோம்னாங்க. பெரிய டப்பா பால் வாசம் அடிக்கறது, சத்து மாவு மாதிரி. சின்ன டப்பாவுல வெள்ளைப் பொடி, அது களைப்பைத் தள்ளிப் போடறதாமா. சின்னதைக் குடிச்சா மூஞ்சியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், பயந்துக்காதீங்கன்னாங்க. ரெண்டும் ஒரு கம்பெனிக்காரன் சும்மா குடுக்கறதாம், சீசன் முடியற வரைக்கும் வரும். கூடவே முட்டை, பயறு, பால். அப்பறம் எங்கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னாங்க.

"அம்மா, இந்தப் பயிற்சியும் இந்தச் சாப்பாடும் ஒண்ணாத்தான் போகோணும். சாப்பாடு இல்லாம இந்தப் பயிற்சி மட்டும் குடுத்தா, புள்ள உடம்பு தன்னையே திங்க ஆரம்பிச்சுரும்."

எனக்குச் சொல்றாங்க பாருங்க. ரெண்டு புள்ளையப் பெத்து ஆளாக்குன எனக்கு. சரிங்கன்னு தலையாட்டிப்போட்டு டப்பாவை வாங்கிட்டு வந்தேன். அடுப்படியில உப்பு, புளி வெக்கற தட்டுக்கு மேல வெச்சேன். அது என்ற எடம், என்னையக் கேக்காம யாரும் கை வெக்க மாட்டாங்க.

குடுத்தேங்க. ஆரம்பத்துல ஒரு வேளை தவறாமக் கலக்கிக் குடுத்தேன். அவளும் நான் எதைக் குடுத்தாலும் ஏன், எதுக்குன்னு கேக்காம குடிச்சுருவா. மாஸ்டர் தூண்ல ரப்பர் கட்டி அதைக் காலராப் புடிச்சு இழுத்து இழுத்துத் திரும்பச் சொல்லுவாராம், திரும்பி வந்து ஊட்டுல அதே மாதிரி ஜன்னல் கம்பியில துண்டைக் கட்டி இழுப்பா. ஞாயித்துக்கெழமையானா ஒரு புள்ளைய முதுகுல சொமந்துக்கிட்டு நம்மூரு மலைக்கோட்டைப் படி ஏறோணும். நல்லாத்தான் ஏறுனா. கன்னம் ரெண்டும் உப்பி, தோள் அகண்டு, ஆம்பளப் புள்ள மாதிரி ஆயிட்டா. மாஸ்டர் மத்த பெத்தவங்ககிட்டெல்லாம் தாரணி அம்மாவைப் பாத்துக் கத்துக்குங்கன்னு சொன்னாராமா. உங்ககிட்ட இப்ப அதெல்லாம் சொல்ல மாட்டாரு.

அந்த நேரத்துலதான் பூபதி போலீசு செலெக்சனுக்கு எழுதியிருந்தான். எழுத்துல பாஸாயிட்டான், அவன் கெட்டிக்காரன். ஆனா அடுத்தது உடம்பு பாப்பாங்களே. ஓடோணும், கயிறு ஏறோணும், நெஞ்சு அளப்பாங்க. மூச்சு இழுத்தா நெஞ்சு இத்தனை விரியோணும்னு கணக்கு. இவனுக்கு இழுத்தாலும் ஒண்ணுதான் விட்டாலும் ஒண்ணுதான். பொழுதோட கண்ணாடி முன்னால பனியனைக் கழட்டிப்போட்டு நின்னு டேப்பு வெச்சு அளந்து பாப்பான். ஒரு நாள் பாத்துக்கிட்டே இருந்துட்டு, எதுக்கும்மா எனக்கு மட்டும் இப்படி உடம்புன்னு கேட்டான். தங்கச்சிக்கு டம்ளர்ல கலக்கிக்கிட்டு இருந்தேன். இன்னொரு டம்ளரை எடுத்தேன்.

தப்புங்களா? நீங்களே சொல்லுங்க. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுக. ஒண்ணு குடிக்க ஒண்ணு வாயப் பாத்துக்கிட்டு நிக்கோணுமா? அவளுக்கு வெளையாட்டு. செயிச்சா ஒரு மெடலு, தோத்தா அடுத்த வருசம். அவனுக்கு வயசு ஏறுனா அவ்வளவுதான், கவர்மெண்டு வேலை போச்சு. எது அவசரம்னு ஒரு தாய் பாக்க மாட்டாளா?

ரெண்டு பேரு குடிச்சா டப்பா பாதியிலயே தீந்துபோகுது. அடுத்தது வர்றதுக்கு நாள் இருக்குது. மாஸ்டர்கிட்டக் கேட்டா ஏன் சீக்கிரம் தீந்துச்சும்பாரு. நான் பொட்டுக்கடலைய வறுத்து, நைசா அரைச்சு, சலிச்சு, கொஞ்சம் பால் பவுடரும் சக்கரையும் சேத்தேன். அரைக்கறது என்ற தொழிலு, யாரு பாத்தாலும் கண்டுபுடிக்க முடியாது. பொட்டுக்கடலையில சத்து இல்லையா என்ன? அந்தக் காலத்துல பயில்வானுங்கெல்லாம் டப்பாவா குடிச்சாங்க? மொதல்ல பாதிக்குப் பாதி கலந்தேன். பூபதிக்கு நாள் நெருங்க நெருங்க அவனுக்கு நல்லதாக் குடுத்துட்டு இவளுக்கு முழுசும் என்ற மாவுதான். சின்ன டப்பாப் பொடிக்குப் பதிலா குளுக்கோஸ். முட்டையும் அப்படித்தான், வெள்ளை அவளுக்கு, மஞ்சக் கரு அவனுக்குன்னு ஆரம்பிச்சு, அப்பறம் முட்டையே அவனுக்குன்னு ஆயிப்போச்சு. அவ எடை ஏறக் கூடாதுல்லங்க, அம்பத்திரண்டு கிலோவுக்குள்ள நிக்கோணும். அதனால ஒரு வகையில நல்லதுதான்னு நெனச்சேன்.

பூபதிக்குத் தெரியும். இவகிட்டச் சொல்லலை. சொன்னா அடிச்சுக்குவாங்க. எதுக்கு ஊட்டுக்குள்ள சண்டைன்னுதான்.

ஒரு தடவை, "அம்மா, ருசி மாறிப்போச்சே"ன்னா. வாய் பேசாம குடின்னேன். குடிச்சா. அவ்வளவுதானுங்க நடந்தது.

அப்பறந்தான் இந்த மாஸ்டரோட வேலையப் பாருங்க. இவ நல்லா வர்றான்னு பயிற்சிய ஏத்திக்கிட்டே போனாரு. மத்த புள்ளைக ஊட்டுக்குப் போனாலும் இவளை நிறுத்தி வெச்சு, புதுசு புதுசா ஆளை மாத்தி மாத்தி விட்டு சண்டை போடச் சொல்றது. ஒருத்தி எந்திரிச்சா அடுத்தவ. இவளுக்கு மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கும்போதே அடுத்தவ காலரைப் புடிச்சுருவா. வந்தா சாஞ்ச எடத்துல தூங்குவா. சோத்து வட்டல்ல கையை வெச்சுக்கிட்டே தூங்குவா. தலை சீவுனா சீப்பு முச்சூடும் முடி. முழங்காலுக்குக் கீழ எலும்பு வலிக்குதும்மான்னு ராவானா எண்ணெய் தேச்சு விடச் சொல்லுவா. நானும் தேச்சு விட்டேனுங்க. அலுப்புப் பாக்காம தேச்சேன். மாவாட்டி வீங்கிப்போன கையோட தேச்சேன். அதையெல்லாம் யாரு சொல்றாங்க இன்னைக்கு?

இன்னொண்ணு. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்களும் பொம்பளதான். அவளுக்கு மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு. ரெண்டு மாசம் பாத்தேன், மூணு மாசம் பாத்தேன். அந்த ஆளு கல்யாணம் ஆகாதவரு, அந்தக் குடோன்ல என்ன நடக்குதுன்னு நமக்கு என்ன தெரியும்? கதவைச் சாத்திப்போட்டு கேட்டேன், யாருடீ அவன்னு. என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. அழுகலை. செருப்பைப் போட்டுக்கிட்டு, வா டெஸ்ட்டுக்குப் போலாம்னா. போனோம். ஒண்ணுமில்லை. அந்த நர்சம்மா இவ கண்ணை இழுத்துப் பாத்துட்டு, புள்ளைக்கு ரத்தமே இல்லையே, ஒழுங்காச் சாப்புடறாளாம்மான்னு எங்கிட்டக் கேக்கறாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சோறு போடற தாயைப் பாத்துக் கேக்கற கேள்வியா அது? மறுநாள் வழக்கம்போல டம்ளரை நீட்டுனேன், வாங்கிக் குடிச்சுட்டு பிராக்டீசுக்குப் போயிட்டா.

மாஸ்டருக்கும் ஏதோ தோணியிருக்குது. மூஞ்சி ஊருதான்னு அவகிட்டக் கேட்டிருக்காரு. ஆரம்பத்துல ஊருச்சு, இப்ப இல்லைன்னு சொல்லியிருக்கா. எனக்குப் போன் பண்ணுனாரு. "அம்மா, பவுடர் தவறாமக் குடுக்கறீங்கல்ல?" குடுக்கறேங்கன்னேன். "எதாவது செரமம் இருந்தாச் சொல்லுங்கம்மா, பயிற்சியக் கொறைச்சுக்கலாம். தப்பில்லை." ஒரு செரமமும் இல்லைங்கன்னேன். பொய் சொல்லலையே. குடுத்துக்கிட்டுத்தான இருந்தேன்? அதுக்கு மேல அவரு கேக்கலை, நானும் சொல்லலை. ஒடம்பு பழகிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டாராமா. படிச்ச மனுசன், மிலிட்டரியில இருந்தவரு, புள்ளைய நேர்ல பாக்கறவரு, அவருக்குத் தெரிஞ்சிருக்கோணுமா இல்லையா?

தாரணிக்குக் கேம்பு செலெக்சன் சேலத்துல நடந்துச்சு. நானும் போனேன். எங்கூட்டுக்காரரு லோடை வேற ஆள்கிட்டக் குடுத்துப்போட்டு நேரா ஸ்டேடியத்துக்கே வந்துட்டாரு, குளிக்காமக்கூட. மொதல் ஆட்டம் செயிச்சா. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள அந்தப் புள்ள மல்லாக்கக் கெடந்துச்சு. ரெண்டாவதும் செயிச்சா, ஆனா எந்திரிக்கும்போது மெத்தையில கை ஊனி எந்திரிச்சா. மூணாவது இழுத்துக்கிட்டே போய்க் கடைசியில செயிச்சா. நாலாவதுதான் பைனலு, திருவள்ளூர்ப் புள்ள ஒண்ணு. நாலு நிமிசம் முடிஞ்சும் யாரும் யாரையும் போடலை. அப்படி ஆனா, நேரக் கணக்கு இல்லாம யாராவது ஒருத்தர் போடற வரைக்கும் ஆடோணுமாம்.

எங்கூட்டுக்காரரு எங்கையப் புடிச்சுக்கிட்டாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நாலு பேரு முன்னால என்ற கையப் புடிச்சவரில்ல. தாரணி அந்தப் புள்ளையோட காலரைப் புடிச்சிருக்கறா, விரல் ஒண்ணொண்ணாத் தொறக்குது. எனக்கு இங்க இருந்தே தெரியுது. மறுபடி புடிக்கறா, மறுபடி தொறக்குது. மாஸ்டர் ஓரத்துல முட்டி போட்டு உக்காந்து, முடியும் தாரணி, முடியும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. கடைசியா இவ ஒரு மூச்சு இழுத்து, அந்தப் புள்ளையத் தூக்கறதுக்குத் திரும்புனா. ஒரு கால்ல மொத்தப் பாரமும் எறங்குச்சு. அப்ப ஒரு சத்தம் வந்துச்சுங்க. காஞ்ச வெறகை முட்டியில வெச்சு ஒடைப்பமே, அந்த மாதிரி. திருவள்ளூர்ப் புள்ள பயந்து கையை விட்டுப்போட்டு அழுக ஆரம்பிச்சுருச்சு. இவ அழுகலை. காலைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தா.

ஆஸ்பத்திரியில டாக்டரு படத்தை வெளக்குல வெச்சுக் காட்டுனாரு. இன்னைக்கு ஒடைஞ்சது இல்லையாம். ஏற்கெனவே மயிரிழை மாதிரி விரிசல் இருந்திருக்குது, அது மேலயே ஓடி ஏறி ஆடி இன்னைக்கு முழுசா ஒடைஞ்சுபோச்சாம். எலும்புல வலுவே இல்லை, கெழவி எலும்பு மாதிரி இருக்குது, இந்தப் புள்ளைக்கு என்ன சாப்பாடு குடுத்தீங்கன்னாரு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே மாஸ்டர் பேசிட்டாரு. சாப்பாடெல்லாம் சரியாத்தாங்க டாக்டர் குடுத்தோம், நாந்தான் ஓவரா ஏத்திட்டேன், உடம்பு சொன்னது எனக்குக் கேக்கலைன்னாரு. சொல்லிப்போட்டு அங்கயே ஆஸ்பத்திரி தரையில உக்காந்துட்டாரு.

அப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. பெத்த வயிறு. மத்த புள்ளைகளோட அப்பா அம்மாவெல்லாம் நின்னுக்கிட்டு இருக்காங்க. நல்லாக் கேட்டேன். மெடலு ஆசையில என்ற புள்ள காலை ஒடைச்சுப்போட்டீங்களே, உங்களுக்குப் புள்ள குட்டி இருந்தா இப்படிச் செய்வீங்களான்னு கேட்டேன். கையெடுத்துக் கும்புட்டாரு. அந்த வாரமே பாதிப் பேரு அவங்க புள்ளைகள நிறுத்திட்டாங்க. குடோன் பூட்டிக் கெடந்துச்சு ரொம்ப நாளைக்கு. கோயமுத்தூர் மேடம் ஒரு நாள் ஊட்டுக்கு வந்து, மீதி பவுடர் இருந்தாக் காட்டுங்க, சோதிச்சுப் பாக்கோணும்னாங்க. காலி டப்பாவைக் கழுவி உளுந்து போட்டு வெச்சிருந்தேன். அதைக் காட்டுனேன். பாத்துட்டுப் போயிட்டாங்க. அவங்களையும் அவங்க வேலை பாக்கற காலேஜ்ல என்னமோ கேட்டாங்களாம், அந்தப் பவுடர் குடுக்கற திட்டத்தையே நிறுத்திப்போட்டாங்களாம். எனக்கென்ன தெரியும்.

அவ கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது பூபதிக்கு ஆர்டர் வந்துச்சுங்க. நெஞ்சு அளவுல பாஸு, கயிறுல பாஸு, ஓட்டத்துல பாஸு. இந்தத் தெருவுல மொதல் போலீசு என்ற பையன். அன்னைக்குக் கறி எடுத்தேன். எங்கூட்டுக்காரரும் இருந்தாரு. தாரணிய சுவத்துல சாய வெச்சு, காலை நீட்டி உக்கார வெச்சு, எல்லாருக்கும் ஒண்ணாச் சோறு போட்டேன். ரொம்ப நாளைக்கப்பறம் அவ சிரிச்சுப் பேசுனா. அண்ணனைக் கேலி பண்ணுனா. அப்பத்தான் சொன்னா, எனக்கு அந்தச் சின்ன டப்பா ஒத்துக்கவே இல்லை போல, கொஞ்ச நாள்லயே மூஞ்சி ஊர்றது நின்னுபோச்சு, மாஸ்டர்கூடக் கேட்டாருன்னு.

"எனக்கெல்லாம் கடைசி வரைக்கும் ஊருச்சே"ன்னான் பூபதி.

சொல்லிப்போட்டு எலும்பைக் கடிச்சுக்கிட்டு இருக்கான். சொன்னது அவனுக்கே தெரியலை. அவ கையில எடுத்த சோத்தை மறுபடி வட்டல்ல வெச்சுட்டா. எங்கூட்டுக்காரரு என்னைப் பாத்தாரு. அவ என்னைப் பாக்கவே இல்லை, வட்டலைப் பாத்துக்கிட்டேதான் கேட்டா.

"மாஸ்டர் போன் பண்ணுனப்ப நீ என்னம்மா சொன்னே?"

"குடுக்கறேன்னு சொன்னேன்."

"எனக்கு என்ன குடுத்தே?"

பொட்டுக்கடலை மாவுன்னேன். மறைக்கலைங்க. கேட்டா, சொன்னேன். அதுவும் சத்துதான்டீன்னேன். அவ கத்துவான்னு நெனச்சேன். கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அத்தோட முடிஞ்சிருக்கும். மெதுவாச் சொன்னா. இன்னைக்கும் அது எனக்கு அப்படியே நெனப்புல இருக்குது, ஆனா அதுல என்ன கணக்குன்னுதான் புரிய மாட்டேங்குது.

"நீ குடுக்காதது பெருசு இல்லம்மா. முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா அவரு பயிற்சியக் கொறைச்சிருப்பாரு. நான் தோத்திருப்பேன், அவ்வளவுதான். நீ குடுக்கறேன்னு நம்பித்தான் ஏத்துனாரு. அந்த மனுசனைத் தரையில உக்கார வெச்சியே."

மறுநாள் ஆட்டோவை வரச் சொல்லி, கம்பு ஊனிக்கிட்டு மாஸ்டர் ஊட்டுக்குப் போனா. என்ன பேசுனாங்களோ தெரியாது. துணிமணி எடுக்க ஒருக்கா வந்தா, அத்தோட சரி. அங்க பக்கத்துலயே இன்னொரு பொண்ணுகூட ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. கால் ஒட்டுச்சு, ஆனா நீளம் கொறைஞ்சுபோச்சு. சாச்சுச் சாச்சுத்தான் நடக்கறா. இனி ஆட முடியாது. குடோனை மறுபடி தொறக்க வெச்சதே அவதானாம், ஊடு ஊடாப் போய் நடந்ததைச் சொல்லி. என்ன சொன்னாளோ. சொந்தத் தாயைச் சந்தி சிரிக்க வெச்சுப்போட்டு, மாஸ்டரை நல்லவராக்கிட்டா. மாவு வாங்க வர்றவிங்க ரெண்டு பேரு கொறைஞ்சுபோனாங்க. போகட்டும்.

எங்கூட்டுக்காரரு அன்னைக்குச் சோத்துல இருந்து எந்திரிச்சவருதான். ஒண்ணும் சண்டை போடலை. இப்பெல்லாம் லோடு எறக்கிப்போட்டு ஷெட்டுலயே படுத்துக்கறாரு. வயசாச்சுல்லங்க, அங்க இருந்து இங்க வர அலைச்சல். பூபதி ஆவடியில இருக்கான். கல்யாணம் பண்ணி வெச்சேன், பொண்ணு செங்கல்பட்டுப் பக்கம். போலீசு வேலை எப்படின்னு உங்களுக்குத் தெரியும், ஒரு போன் பேசக்கூட நேரம் கெடையாது. போன பொங்கலுக்கும் வர முடியலை, அதுக்கு முந்தின பொங்கலுக்கும் பந்தோபஸ்து. அவன் என்ன பண்ணுவான் பாவம். அதோ பாருங்க, யூனிபார்ம்ல அவன் போட்டோ. நெஞ்சைப் பாத்தீங்களா எப்படி நிமிந்திருக்குதுன்னு? அது யாரு கைச்சோறுங்க?

நான் பாரபட்சம் பாத்தேன்னு சொல்றாங்க. பாரபட்சம் பாக்கறவளா இருந்தா அவளை அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போக விட்டிருப்பேனா? அவளுக்குன்னு தனியா கடலை வறுத்து, கை நோக அரைச்சு, சலிச்சுச் சலிச்சு வெச்சிருப்பேனா? ஒரு நாளாவது வெறும் தண்ணியக் கலக்கிக் குடுத்தேனா? என்னையப் புரிஞ்சுக்க ஒரு ஆள் இல்லை இந்த ஊட்டுல.

எந்திரிக்கறீங்களா? இருங்க, காப்பி போடறேன். வேண்டாமா. சரி. உங்களுக்கு இந்தப் பொண்ணு மட்டுந்தானா, பையன் இருக்கானுங்களா? இருக்கானா. அப்ப இதையும் தெரிஞ்சுக்குங்க. அங்க இப்ப மறுபடி பவுடர் வருதாமா, ஆனா டப்பாவை ஊட்டுக்குக் குடுத்து விடறதில்லையாமா. பிராக்டீஸ் முடிஞ்சதும் அங்கயே வரிசையா உக்கார வெச்சு, ஒவ்வொரு புள்ளையும் டம்ளரைக் காலி பண்ற வரைக்கும் தாரணி முன்னாலயே நிக்கறாளாமா. முட்டையக்கூட அவ கையாலயே உரிச்சுக் குடுக்கறாளாமா. பெத்தவங்களை நம்பாத எடம் அது. எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சேக்கோணும் நீங்க.

இதை நான் எல்லாருகிட்டயுந்தான் சொல்றேன். உங்களுக்கு முன்னாலயும் சில பேரு வந்துபோட்டாங்க. நீங்களும் அவ சொல்லித்தான வந்தீங்க? எனக்குத் தெரியும். பொம்பளப் புள்ளையச் சேக்கறதுக்கு எந்த அம்மா போனாலும், மொதல்ல எங்கம்மாவைப் போய்ப் பாத்து, என்ன நடந்துச்சுன்னு அவங்க வாயாலயே கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பறாளாமா. கேட்டுட்டுப் போறவிங்க, நான் இத்தனை சொல்லியும், போய் அங்கயேதான் சேத்துடறாங்க. அது அவிங்க விதி. ஆனா எனக்கு அதுல ஒரு நிம்மதிங்க அம்மிணி. மூணு வருசமா எங்கூடப் பேசாதவ, ஊட்டு வாசப்படி மிதிக்காதவ, ஆனாலும் ஒரு காரியம்னா எங்கிட்டத்தான அனுப்பறா? பெத்தவ வார்த்தை மேல அவளுக்கு மனசுக்குள்ள அவ்வளவு மதிப்பு இருக்குது.

போனா அவகிட்டச் சொல்லுங்க. அம்மா ஒண்ணு விடாமச் சொன்னாங்கன்னு.